எருமைக்குக் குடை

காலை ஆறு மணிக்குக் காற்றுக் குழாய் திறந்த ஓசை கேட்டதும் சுடலைமுத்து எழுந்து பல் விளக்கிவிட்டு, பாசிமாவுத் தோசையில் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டார். உப்புக் குறைவு. வலக்காதின் பின்னால் விரலை வைத்து அழுத்தினார். எதுகையும் மோனையும் வழுவாத நான்கு வரிகள் வாயிலிருந்து வந்தன. கடல் வற்றிய உலகில் தவிக்கும் ஒரு மீனின் துயரம் அவற்றில் இருந்தது.

"உப்பு வேணுமா?" என்று கேட்டார் அவர் மனைவி உலகம்மை.

"ஆமா."

வியாழனின் நிலவான கனிமீடில், பனிக்கட்டிக்கு அடியில் இருந்தது பனிவாசல் குடியிருப்பு. அங்கே வசித்தவர்கள் அறுநூற்றுப் பதின்மூன்று பேர். அவர்களில் அறுநூற்றுப் பதினொரு பேர் காதோரத்தில் கவிக்குமிழ் பதித்திருந்தார்கள். கண் பார்ப்பதைப் பயறு அளவுள்ள அந்தக் கருவியும் பார்க்கும். அழுத்தினால் கவிதையாக்கித் தரும். மேலாளர் கிருபாகரனுக்குக் கவிதை பிடிக்காது. உலகம்மைக்கு ஊசி என்றால் பயம். குமிழ் இல்லாதவர்கள் அந்த இருவர் மட்டுமே.

குமிழ் இல்லாததாலேயே உலகம்மைக்கு ஒரு பதவி கிடைத்தது. அவர்தான் ஊரின் ஒப்பாய்வர். ஆண்டுக்கு ஒருமுறை பூமியிலிருந்து கப்பலில் ஓர் ஓவியம் வரும். அதைப் பொதுக்கூடத்தில் மாட்டுவார்கள். ஊரார் அதைப் பற்றிக் கவிதை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். உலகம்மை அந்தக் கவிதைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சிறந்ததைத் தேர்வார். பரிசு, ஓராண்டுக்குச் சாளர அறை.

பனிக்கட்டியின் மேல்பரப்பில் இருந்த அந்த அறையில்தான் ஊரின் ஒரே சன்னல் இருந்தது. அதன் வழியே, பூமியில் தெரியும் நிலாவைப்போல் பதினைந்து மடங்கு அகலமாக வியாழன் நிற்பார். குரு பகவானின் வாசலிலேயே குடியிருந்தும் அவரைக் காண வேறு வழியில்லை. அதனால் அறையை வெல்பவர் வியாழக்கிழமைதோறும் கதவைத் திறந்துவைக்க வேண்டும் என்பது வழக்கம். ஊரே வரிசையில் நின்று கும்பிடும். கொண்டைக்கடலை பூமியிலிருந்து வர வேண்டியிருந்ததால் சாமிக்குச் சாத்தும் மாலையில் மட்டும் பிளாஸ்டிக் கடலை. கனிமீடு எப்போதும் ஒரே முகத்தை வியாழனுக்குக் காட்டியபடி சுற்றுவதால் குரு வானத்தில் இருந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. குருப்பெயர்ச்சி என்ற கவலை ஊரில் யாருக்கும் கிடையாது.

ஆனால் இந்த ஆண்டு உலகம்மைக்கு வேறொரு கவலை வந்தது.

"புது விதி தெரியுமில்லையாம்மா?" என்றார் கிருபாகரன். "பத்தில் ஒன்பது பங்கு ஒத்துப்போகிற கவிதைகள் எல்லாமே தள்ளுபடி. தனியா ஒண்ணுகூட நிக்கலேன்னா அறை நிர்வாகத்துக்கு வந்துரும். சோயா மூட்டை அடுக்க எனக்கு இடமே இல்லை."

"அப்போ வியாழக்கிழமைக் கும்பிடு?"

"மூட்டைக்கு இந்தப் பக்கம் நின்னு கும்பிடுங்க. சாமி எங்கேயும் இருக்காரு."

சாமி எங்கேயும் இருப்பது உலகம்மைக்கும் தெரியும். இருந்தாலும், பார்க்க முடிந்த ஒரு சாமியை மூட்டைக்குப் பின்னால் ஒளிப்பதை அவர் மனம் ஏற்கவில்லை. கவிதைக் கட்டை எடுத்துக்கொண்டு, "நல்லபடியா ஒண்ணு அகப்படணும், பகவானே" என்று வேண்டியபடி பொதுக்கூடத்துக்குப் போனார்.

ஓவியத்தில் கனமழை பெய்துகொண்டிருந்தது. வயல் நடுவே ஒரு பெரிய எருமை. அதன் பக்கத்தில் ஒரு பெண், கையிலிருந்த ஒரே குடையை எருமைக்குப் பிடித்துக்கொண்டு தான் சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள். உலகம்மை வெகுநேரம் பார்த்தார். பிறகு முதல் தாளைப் பிரித்தார்.

'மழையென்று சொல்வாரோ, மங்கைநின் கண்ணீரை' என்று தொடங்கியது அது. பிரிந்துபோன காதலனுக்காக அவள் வானத்தையே அழவைக்கிறாள். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது தாளிலும் அவள் அழுதாள். மூன்றாவதில் மங்கைக்குப் பதில் நங்கை. நாற்பதாவது தாளில் அவள் நதியானாள். நூறாவதில் மறுபடியும் மங்கை. மாலைக்குள் அறுநூற்றுப் பதினொரு கவிதைகளில் அறுநூற்றுப் பதினொரு பெண்கள் அழுது முடித்தார்கள். எருமை எந்தக் கவிதையிலும் இல்லை. குமிழுக்குள் ஏற்றியிருந்த உவமைப் பட்டியலில் எருமை கிடையாது.

சுடலைமுத்துவின் கவிதையும் பக்கத்து வீட்டு ஆவுடையப்பனின் கவிதையும் கமா உட்பட ஒன்றாக இருந்தன. அதற்குள் செய்தி பரவி, இருவரும் கூடத்து வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 

"ஓய், என் கண்ணீரை நீரு திருடிட்டீரு!"

"உம்ம கண்ணீரு எனக்கு எதுக்கு வே? எனக்கே நிறைய இருக்கு!"

"ஏங்க, நீங்க படத்தைப் பாத்தீங்களா?" என்று கணவரிடம் கேட்டார் உலகம்மை.

"பாக்காம? அண்ணாச்சி தோளுக்குப் பின்னால நின்னு எட்டிப் பாத்தேன். மிச்சத்தைக் குமிழ் பாத்துக்கிடுச்சு."

"அண்ணாச்சி, நீங்க?"

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார். "நான் எங்க பாத்தேன், மதினி? இவரு என் முதுகுல உரசிக்கிட்டே நின்னாரு. சட்டுனு அழுத்திட்டு வந்துட்டேன்."

கடைசித் தாள் பெட்டியின் அடியில் ஒட்டிக்கிடந்தது. அச்சுப் போன்ற சதுரக் கையெழுத்து.

'எருமைக்குக் குடை.
அவள் நனைகிறாள்.
படம் சாய்ந்திருந்தது, நேராக்கினேன்.
தரை துடைக்கப்பட்டது.'

கீழே 'துப்புரவு எந்திரம் ஏழு' என்றிருந்தது. கவிதைப் பெட்டியை வேலை அறிக்கைப் பெட்டி இருந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். எந்திரம் வழக்கம்போல அறிக்கையை அதற்குள் போட்டுவிட்டுப் போயிருந்தது.

உலகம்மை அதைத் தேடிப் போனார். இடுப்பு உயரமுள்ள ஏழு, சமையற்கூடத்தில் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"இது நீ எழுதினதா, ஏழு?"

"ஆமாம் அம்மா. தரையில் கறை இருக்கிறதா?"

"கறை இல்லப்பா. எருமையைப் பத்தி ஏன் எழுதினே?"

"படத்தில் பாதி இடத்தை அதுதான் அடைத்திருக்கிறது அம்மா."

"படம் சாஞ்சிருந்துச்சா?"

"தினமும் சாயும். சுவருக்குப் பின்னால் காற்று எந்திரம் அதிர்கிறது. அந்தப் பெண் விழுந்துவிடுவாள் போல இருக்கும். அதனால் நேராக்குவேன்."

உலகம்மை தாளை மறுபடி பார்த்தார். யாருமே சொல்லாத ஒரு சின்ன வேலையை இது நாள் தவறாமல் செய்திருக்கிறது.

கிருபாகரன் தாளைப் பார்த்துச் சிரித்தார். "இது வேலை அறிக்கைம்மா."

"விதியை ஒருதரம் படிங்க சார்."

அவர் படித்தார். 'படத்தின் முன் நின்று, படத்தைக் கண்டு, தாளில் எழுதிய எதுவும் போட்டிக்கு உரியது.' இரண்டாம் முறையும் படித்தார். சிரிப்பு நின்றது.

"மத்த அறுநூத்திப் பதினொண்ணும் ஒண்ணுபோல இருக்கு. தள்ளுபடி. படத்தைக் கண்டு எழுதினது இது ஒண்ணுதான்" என்றார் உலகம்மை. "அறை ஏழுக்குத்தான்."

"ஒரு துடைப்பக்கட்டைக்கா சன்னல்?" என்று வீட்டில் குமுறினார் சுடலைமுத்து. அதையும் குமிழ் எண்சீர் விருத்தமாகத்தான் சொன்னது.

சாவியை வாங்கிக்கொண்ட ஏழு, தனக்குத் தூக்கம் கிடையாது என்றும் கதவை எல்லாக் கிழமையும் திறந்தே வைக்கலாம் என்றும், கண்ணாடியைக் காலையும் மாலையும் துடைத்துவிடுவதாகவும் சொன்னது. ஊரே நெகிழ்ந்துபோனது. நெகிழ்ந்த ஊர் சும்மா இருக்குமா? அடுத்த வியாழக்கிழமையே பொதுக்கூடத்தில் பாராட்டு விழா ஏற்பாடாயிற்று.

அந்த எந்திரத்தை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். முதல் பொன்னாடையைக் கிருபாகரனே போர்த்தினார். தொடர்ந்து காற்றுக் குழாய்ப் பிரிவு, பாசித்தொட்டிப் பிரிவு, மகளிர் அணி. பதினொன்றாவது பொன்னாடையில் எந்திரத்தின் கைகள் மறைந்தன. பிளாஸ்டிக் கடலை மாலையில் கழுத்தும் மறைந்தது. விளக்குக் கண் மட்டும் வெளியே தெரிந்தது.

"அம்மா, தரையில் கடலை சிதறியிருக்கிறது" என்றது ஏழு.

"கவிஞர் கூட்டக்கூடாது. உட்காருங்க ஐயா!" என்று அதட்டினார் ஆவுடையப்பன்.

பிறகு வாழ்த்துக் கவிதைகள் தொடங்கின. சுடலைமுத்து முதலில் ஏறினார். கண்ணீரும் மங்கையும் இல்லை; புதுப்பாணி. "படம் சாய்ந்திருந்தது, நேராக்கினேன்!" என்று முழங்கினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அடுத்து ஆவுடையப்பன் ஏறி, தானும் நேராக்கியதாகச் சொன்னார். அவருக்குப் பின் வந்தவரும் நேராக்கியிருந்தார். வரிசை கூடத்தைத் தாண்டி நடைபாதை வரை நீண்டது.

மேடைக்குப் பின்சுவரில் ஓவியம் ஒரு முழம் சரிந்து தொங்கியது. மழை பக்கவாட்டில் பெய்தது. எருமை சறுக்கிக்கொண்டிருந்தது. ஏழின் விளக்குக் கண் திரும்பித் திரும்பி அதையே பார்த்தது.

உலகம்மை கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏங்க, படம் விழப்போகுது. நேராக்குனேன்னு சொன்னீங்களே?"

சுடலைமுத்து அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அதான் எழுதியாச்சே உலகு. இனி வேற செய்யணுமா?"

உலகம்மை சட்டையை விட்டார். மேடையேறி, ஏழின் மேலிருந்த பொன்னாடைகளை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினார். கைகள் வெளியே வந்ததும் ஏழு நாற்காலியை விட்டு இறங்கிச் சுவரை நோக்கி ஓடியது. இருவருமாகப் படத்தின் இரு பக்கமும் பிடித்து மெல்லத் தூக்கினார்கள்.

கூட்டம் மெய்சிலிர்த்தது. அறுநூற்றுப் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தி, காதின் பின்னால் அழுத்தினார்கள்.