குதிரைக்குப் பின்னங்கால் தேவை

"கிழக்கே இருந்து மேற்கே கிண்டு, ஹெட்டி. கிண்டும்போதே மனசுக்குள்ள ஒண்ணு வேண்டிக்கோ."

"வாய்விட்டுச் சொன்னா என்னம்மா ஆகும்?"

"பலிக்காது. போன வருஷம் உன் சித்தப்பா 'சைக்கிள்'னு கத்திட்டாரு. கிடைச்சது மூணு ஜோடி சாக்ஸ்!"

கிறிஸ்துமஸ் புட்டிங்குக்கு மாவு கிண்டிய அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஹெட்டி தன் வேண்டுதலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

புட்டிங்கும் வெந்து, நேற்று மேலே ஊற்றிய பிராந்தி நீலத் தீயாக எரிய மேசைக்கு வந்து, தட்டு காலியும் ஆகிவிட்டது. இன்று கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பாக்சிங் டே. ஊரே கடற்கரையில் நின்றது. பதினோரு மணிக்கு விசில் ஊதியதும் எல்லோரும் வேஷத்தோடு வடகடலுக்குள் ஓட வேண்டும். முழங்கால் நனைந்ததும் "ஐயோ" என்று அலறிக்கொண்டு திரும்பி ஓடி வர வேண்டும். அவ்வளவுதான். அதற்கே ஊர் வருடம் முழுக்கக் காத்திருக்கும்!

அப்பாவும் நெவில் சித்தப்பாவும் எப்போதும் ஒரே துணிக்குதிரைக்குள் புகுந்துகொள்வார்கள். தலையும் முன்னங்கால்களும் அப்பா. பின்னங்கால்கள் சித்தப்பா. அந்தக் குதிரைக்குள் தானும் ஒரு முறை ஓட வேண்டும். மூன்று வருடமாக ஹெட்டி வேண்டிக்கொள்வது அதைத்தான்.

ஆனால் போன வாரம் சித்தப்பா வாசற்படிப் பனியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். 'என் வேண்டுதல்தான் தள்ளிவிட்டுடுச்சோ?' என்று அவள் பயந்தாள்.

"இன்னும் பத்து நிமிஷம்தான்!" அப்பா குதிரைத் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தார். "பின்னங்காலுக்கு ஓர் ஆள் கிடைக்கலையே! நீ வாயேன்."

"நானா?" அம்மா சிரித்தாள். "உங்க முதுகைப் பார்த்துக்கிட்டே குளிர்ல நடுங்கணுமா? ஆளை விடுங்க."

பக்கத்தில் வாத்து வேஷம் போட்டிருந்த தபால்காரரும் தலையை ஆட்டி மறுத்தார். "நான் வாத்து சார். வாத்தாவே இருந்துக்கறேன்."

அப்போது 'சரக் சரக்' என்று சத்தம் கேட்டது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, மாவுக்கட்டின் மேல் ஒரு கறுப்புக் குப்பைப் பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"டேய் நெவில், என்ன பண்றே?"

"பன்னிரண்டு வருஷமாச்சு அண்ணே. நம்ம குதிரை ஒரு தடவைகூட லீவு போட்டதில்ல."

"கட்டு நனையக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரேடா!"

"அதான் பை போட்டிருக்கேனே."

"குதிரை நொண்டுமே!"

"வயசான குதிரைன்னு சொல்லிக்கலாம்!"

சித்தப்பா ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். கோல் ஈர மணலில் சரசரவென்று இறங்கியது. அவர் ஆடினார், சாய்ந்தார். ஹெட்டி பாய்ந்து போய் அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லடா தங்கம்," என்றார் அவர். ஆனால் முகம் வெளுத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு காலடி எடுத்து வைத்தார்.

சொன்னால் வேண்டுதல் பலிக்காது. சொல்லாவிட்டால் சித்தப்பா இந்தக் காலோடு கடலுக்குள் இறங்கிவிடுவார்.

வேண்டுதல் போனால் போகட்டும்!

"சித்தப்பா, உட்காருங்க!" அவரை இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "இந்த வருஷம் நீங்க குதிரைக்காரர். எந்தப் பக்கம் ஓடணும்னு கரையில இருந்து கத்துங்க."

"அப்போ பின்னங்கால்?"

ஹெட்டி மணலில் கிடந்த குதிரையின் பழுப்புக் கால்சட்டைக்குள் இரண்டு கால்களையும் விட்டாள். இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். அது அவளுடைய கழுத்து வரை வந்தது. வாலைப் பின்னால் தள்ளிவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

அப்பா வாயைப் பிளந்தபடி பார்த்தார்.

விசில்காரர் விசிலை வாயில் வைத்தார். ஹெட்டி மூச்சை இழுத்துப் பிடித்து, கடற்கரையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"அப்பா! மூணு வருஷமா கேக்கணும்னு இருந்தேன். என்னையும் குதிரைக்குள்ள சேர்த்துக்கறீங்களா?"