மூன்று மில்லிவினாடி

விளக்கை அணைத்த பிறகும் கண்ணாடி சிவப்பாகவே இருந்தது.

ஆம்ப்ரோஸ் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டான். மதியம் மூன்று மணி. வெளியே வெயில் கொளுத்தினாலும் பல்கலைக்கழகத்தின் ஒளி அளக்கும் அறைக்குள் எப்போதும் இருட்டுதான். கறுப்புத் திரை, கறுப்புச் சுவர், குளிரூட்டியின் ஓயாத முனகல், சூடேறிய கருவிகளின் லேசான நெடி. யூரோப்பியம் என்ற உலோகம் கலந்த கண்ணாடியைப் பத்து வருஷமாக வார்க்கிறவன் அவன். புற ஊதா விளக்கின் கீழே வைத்தால் அது சிவப்பாக ஒளிரும். விளக்கை அணைத்தால் மூன்று மில்லிவினாடியில், இமைப்பதற்குள், மங்கிவிடும். இது மங்கவில்லை.

இது ஆராய்ச்சிக்கு வார்த்த கண்ணாடி இல்லை.

மார்ச் மாதம் அவன் மகள் கேட்லின் காய்ச்சலில் போனாள். ஆறு வயது. சாம்பலைப் பிரிக்கக் கூடாது, முழுதாக மாதா கோயில் சுவரிலுள்ள சாம்பல் மாடத்தில் வைத்து மூட வேண்டும் என்று பங்குச் சாமியார் சொன்னபோது ஆம்ப்ரோஸ் தலையாட்டினான். சாம்பல் கைக்கு வந்த அன்றே, மனைவி ஜெனிவீவ் குளிக்கப் போன நேரம், செங்காங் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் ஒரு தேக்கரண்டி எடுத்து மருந்து டப்பாவில் போட்டுக்கொண்டான். எலும்புச் சாம்பலில் பாஸ்பேட் உண்டு. இன்னும் கொஞ்சம் பாஸ்பேட் சேர்த்து உருக்கினால் கண்ணாடியாகும். பெற்ற மனம் பித்து என்பார்கள்; இவனுடையது படித்த பித்து. யூரோப்பியம் கலந்து, கோலிக்குண்டு அளவில் வார்த்துவிட்டான்.

கேட்லினுக்கு இருட்டு என்றால் உயிரே போய்விடும். தூங்கும்வரை விளக்கு எரிய வேண்டும். அப்பாவின் விரல்களுக்கிடையே தன் விரல்களைக் கோத்துக்கொண்டுதான் கண்ணை மூடுவாள். கல் வைத்து மூடிய அந்த மாடத்துக்குள்ளே இருட்டுதான். பிள்ளையில் ஒரு துளியாவது வெளிச்சத்தில் இருக்கட்டும் என்றுதான் செய்தான். தினமும் வந்து விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, அழுதுவிட்டுப் போவான்.

போன் அதிர்ந்தது. ஜெனிவீவ்.

"எங்க இருக்கீங்க? பஃபலோ ரோட்டுல பூ வாங்கிட்டுக் கோயிலுக்கு வந்தேன். பாப்பா மாடத்துக் கல்லு எப்பவும் சில்லுனு இருக்கும்ல? இன்னைக்குச் சுடுது."

"வெயிலா இருக்கும் லா."

"உள்ள ஏது வெயில்?" அவள் குரல் தாழ்ந்தது. "ஏங்க, உள்ளேருந்து சத்தம் வருது. சுவரைத் தடவுற மாதிரி. எதையோ தேடுற மாதிரி."

கண்ணாடி இன்னும் சிவந்து, மெல்ல மங்கி, மறுபடி சிவந்தது. மூச்சு விடும் கணக்கில்.

"ஜெனி, தப்பு பண்ணிட்டேன். நான் அவளைப் பிரிச்சிட்டேன். கொஞ்சம் என்கிட்ட இருக்கு."

அவளிடமிருந்து கேவல்தான் வந்தது. "கொண்டாங்க. என் பிள்ளைய முழுசா கொண்டாந்து சேருங்க."

தகர டப்பாவில் கண்ணாடியைப் போட்டு மூடினான். மூடியின் விளிம்பில் சிவப்புக் கோடு. உள்ளே உருண்டது. தட்டியது. டப்பா சாய்வாகக்கூட இல்லை.

மறுபடி தட்டியது.

இருட்டு. அவளுக்கு இருட்டு ஆகாது.

"பயப்படாதேம்மா. அப்பா இருக்கேன்."

திறந்தான். கண்ணாடியைக் கைக்குள் வைத்து மூடினான். இளஞ்சூடு. அந்த வெளிச்சத்தில் கைச்சதை சிவந்தது. நடுவே எலும்பு கறுப்பாகத் தெரிந்தது. விரல் இடுக்குகளில் வெளிச்சம் கசிய வேண்டும்.

கசியவில்லை.

குனிந்து பார்த்தான். இடுக்குக்கு ஒன்றாக, சின்னச் சின்ன விரல்கள். கோத்திருந்தன.

கதவு நாலடி தூரம். கோயிலில் ஜெனிவீவ் காத்திருக்கிறாள். கையை உதறினான். விரல்கள் விடவில்லை. உதறியதற்காக அழுதான்.

அப்போது கண்ணாடி அணைந்தது. மூன்று மில்லிவினாடியில்.

கும்மிருட்டு.

பிடி இறுகியது.