நீச்சலடிக்கலாம் வா, சாமி!

ஜேடர்பாளையம் தடுப்பணை.

இனியன் மிதந்தான்.

குப்புற!

பதினேழு வயசுப் பையன். காவிரியில் எதிர்க்கரை வரை போய்த் திரும்புகிறவன். இப்போது கையும் அசையவில்லை... காலும் அசையவில்லை.

"ஐயோ... யாராச்சும் எறங்குங்களேன்!"

கரையில் நின்று அலறியது அவன் பெரியப்பா மணியன். அலறினாரே தவிர, அவருடைய வேட்டி நுனி கூட நனையவில்லை.

பரிசல்காரர்கள் குதித்தார்கள். இழுத்துப் போட்டு மார்பை அழுத்தினார்கள்.

ஒரு வழியாய் மூச்சு வந்தது.

மாலையில் இன்ஸ்பெக்டர் வெண்ணிலாவின் செல்போன் சிணுங்கியது.

"மேடம், நாமக்கல்லேர்ந்து டாக்டர் சிவபிரகாஷ். அந்த ஜேடர்பாளையத்துப் பையன் விஷயமா கொஞ்சம் வர முடியுங்களா?"

"தண்ணில மூழ்கின கேஸ்தானே?"

"முதல்ல நின்னது இதயம், மேடம். அப்புறம்தான் மூழ்கியிருக்கான்!"

ஐ.ஸி.யூ. வாசலில் சௌந்திரம் சுவரோடு சுவராய் நின்றிருந்தாள். இனியனின் அம்மா. கணவனை இழந்தவள். பக்கத்தில் மணியன், துண்டால் கண்ணைத் துடைத்தபடி.

"பரம்பரையா வர்ற கோளாறு," என்றார் டாக்டர். "வெளியில ஒண்ணும் தெரியாது. நீச்சலடிச்சா துடிப்பு தாறுமாறாகி நின்னுடும். இதுல இவன் ஏ.டி.ஹெச்.டி.க்கு மாத்திரை வேற சாப்பிடறான்."

"அந்த மாத்திரைதான் காரணமா?"

"கவனம் நிலைக்கக் குடுக்கிற நல்ல மாத்திரைங்க அது. எத்தனையோ பசங்க படிச்சு முன்னேறியிருக்காங்க. ஆனா இந்த மாதிரி இதயத்துக்கு ஆபத்து. அதனாலதான் குடுக்கும்போதே கேப்பாங்க, குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்தாங்களான்னு."

வெண்ணிலா திரும்பினாள்.

"கேட்டாங்களாம்மா?"

"மூணு மாசத்துக்கு முந்தி கேட்டாங்கங்க," என்றாள் சௌந்திரம். "எங்கூட்டுக்காரரோட அண்ணன், இந்த மாமாதானுங்க பேசுனாரு. ஆம்பளைங்க பேசறப்ப நான் எங்கீங்க குறுக்க பேசறது?"

"என்ன சொன்னார்?"

"'இல்லீங்க'ன்னாருங்க."

"உங்க வீட்டுக்காரர் எப்படி இறந்தார்?"

"கெணத்துல... நீச்சலடிச்சுட்டு இருக்கறப்பவேங்க. முப்பது வயசுங்க அவருக்கு."

"அவருக்கும் இதயம்தான் நின்னிருக்கணும்," என்றார் டாக்டர்.

மணியன் கும்பிட்டார். "ஏனுங்கம்மா, கெணத்துல போனவன நெஞ்சு நோவுன்னு எப்படீங்க சொல்றது? நான் தோட்டங்காட்டுல பாடுபடறவன். இதெல்லாம் எனக்கென்னங்க தெரியும்?"

நியாயமான பதில். வெண்ணிலா கிளம்பவே திரும்பிவிட்டாள்.

மணியன் அத்தோடு வாயை மூடியிருக்கலாம்!

"பெத்த மவனாட்ட வளத்தேனுங்க... எனக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, பாருங்க!"

நீட்டிய மணிக்கட்டை டாக்டர் பிடித்தார்.

பிடித்தவர் விடவில்லை.

"படபடப்பா? நாடி ரொம்ப மெதுவால்ல ஓடுது! என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"மாத்திரையா... அது... வாய்வுக்குங்க..."

வெண்ணிலாவின் விரல்கள் அவருடைய சட்டைப்பையில் நுழைந்தன. பாதி காலியான ஒரு மாத்திரை அட்டையோடு வெளியே வந்தன.

டாக்டர் அதைப் படித்தார். மறுபடி படித்தார்.

"இது இதயத் துடிப்பை அடக்கறதுக்கு. பையனுக்கு இப்பதான் இதையே ஆரம்பிச்சேன்... நர்ஸ்! இவருக்கும் ஒரு ஈ.ஸி.ஜி. எடுங்க!"

எடுத்தார்கள். பையனுடையது போலவே இருந்தது. அதே கோளாறு!

சௌந்திரம் மணியன் பக்கம் திரும்பினாள்.

"போன வருசம் கோயமுத்தூரு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்ததுலருந்து நீங்க தண்ணியிலயே எறங்கறதில்லையே, மாமா! ஆனா எம் பையன மட்டும்... 'நீச்சலடிக்கலாம் வா, சாமி'ன்னு கூட்டிட்டுப் போனீங்களே!"

"பையனுக்குப் பதினெட்டு எப்பம்மா முடியுது?" வெண்ணிலா கேட்டாள்.

"அடுத்த மாசங்க. புதுச்சத்திரத்துத் தோப்புல எங்க பாகமும் இப்ப மாமா கையிலதானுங்க இருக்குது. அப்ப அவன் கைக்கு வரும்."

இனி மரியாதை எதற்கு? மணியன் கத்தினான்.

"நான் தொடவே இல்லீங்க! வெசம் வெக்கல, தள்ளியும் உடல!"

"கோயமுத்தூர் டாக்டர் உங்ககிட்ட நீந்தக் கூடாதுன்னாரு. உங்க தம்பி எப்படி செத்தார்னு அன்னிக்கே உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. ஒரு 'இல்லீங்க', ஒரு 'வா சாமி'... மிச்சத்தை இதயம் பாத்துக்கும்னு விட்டுட்டீங்க!"

உள்ளேயிருந்து நர்ஸ் ஓடி வந்தாள். "டாக்டர், பையன் கண்ணைத் திறந்துட்டான். அம்மாவைக் கேக்கறான்!"

சௌந்திரம் இந்த முறை யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. மணியனை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள்.

ஜீப்பில் ஏறும்போது மணியன் ஈனஸ்வரத்தில் கேட்டான்.

"என்ற மாத்திரை..."

வெண்ணிலா அட்டையை நீட்டினாள்.

"வேளை தவறாம போட்டுக்கங்க. ஆயுள் தண்டனை கிடைச்சா... ஆயுள் வேணுமில்ல!"