சூடு ஆறாத கட்டில்

கோகிலவாணி கட்டிலை விட்டு எழுந்து, போர்வையை மடித்து, டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு முகம் கழுவி முடித்த பிறகும் சுவரில் மாட்டியிருந்த டப்பாவின் பச்சை விளக்கு அணையவில்லை. படுத்திருப்பவர் மூச்சை இழுத்தால் அது பிரகாசமாகும், விட்டால் மங்கும். இப்போதும் அப்படித்தான் ஏறியது, இறங்கியது. கட்டிலில் யாரும் இல்லை.

அவள் புருஷன் வெயிலுமுத்துவுக்கு இருதயம் பலவீனம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். ஒரேயடியாக நின்றுவிட்டால் அலறி எழுப்புவதற்குத்தான் அந்த டப்பாவும், மெத்தைக்கு அடியில் விரித்திருந்த மெல்லிய பாயும். ஆஸ்பத்திரி டாக்டர் பத்ரிநாராயணன், இந்தக் கருவியை யோசித்த இன்ஜினியரிங் காலேஜ் புரொபசர், செய்துகொடுத்த கம்பெனியின் சாருலதா மேடம் என்று மூன்று பேரும் சேர்ந்து தாராவிக்கு வந்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்த அறைக்குள் நிற்க இடமில்லாமல் புரொபசர் வாசல்படியில் குடை பிடித்தபடியே விளக்கம் சொன்னார். டப்பா முதலில் கொஞ்ச நாள் சும்மா கவனிக்கும், படுக்கிறவரின் மூச்சு எப்படி என்று படித்துக்கொள்ளும், அதனால் வேறு யாரும் இந்தக் கட்டிலில் படுக்கக் கூடாது என்றார். கோகிலவாணி தலையாட்டினாள்.

ஆனால் இருப்பது ஒரே கட்டில். மழைக்காலத்தில் கட்டர் நிரம்பித் தரையெல்லாம் சாக்கடைத் தண்ணீர் ஊறும். வெயிலுமுத்துவுக்குச் செம்பூரில் ராத்திரி வாட்ச்மேன் வேலை. பகலில் அவன், ராத்திரியில் அவள். அந்தச் சந்தில் பாதி வீடுகளில் அப்படித்தான், மெத்தையின் சூடு ஆறுவதே இல்லை. அவனுக்கு லீவு கிடைக்கிற நாளில் அவள் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தால், தூக்கத்திலேயே சுவர்ப்பக்கம் நகர்ந்து இடம் விடுவான்.

ஆளில்லாமலே விளக்கு ஓடுகிறது என்று சாருலதாவுக்கு போன் போட்டாள். பக்கத்து அறையில் தையல் மிஷின் ஓடுகிறதா என்று கேட்ட சாருலதா, தகரச் சுவர் அதிர்ந்தால் அப்படிக் காட்டும், ஆபீஸுக்குப் போய் டப்பா அனுப்புவதை ஸ்க்ரீனில் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றாள். கோகிலவாணிக்கு அது சரியாகத்தான் பட்டது. அந்நேரம் கரண்ட் போயிற்று. மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. சந்து முழுக்கத் தகரத்தில் விழும் மழைச் சத்தமும், ஊறின மெத்தையின் புளித்த வாடையும், அதற்குள்ளே தூங்கி எழுந்த வாயின் வெதுவெதுப்பான வாடையும் மட்டும் நின்றன. டப்பாவுக்குள் பேட்டரி. விளக்கு ஏறியது. இறங்கியது.

கூர்ந்து பார்த்தாள். ஏறும்போது பாதியில் ஒரு சின்னத் தடுக்கல். அது அவனுடைய மூச்சு. இறங்கும்போது மூக்கடைப்புக்காரர்கள் விடுவதுபோல இரண்டு தவணையாக இறங்கியது. அது அவளுடையது. இழுப்பது அவன், விடுவது அவள். இரண்டு பேர் என்று டப்பாவுக்கு யார் சொன்னார்கள்? ராவும் பகலும் எழுந்திருக்காமல் படுத்தே கிடக்கிற ஒரே ஆளை அல்லவா அது படித்திருக்கிறது.

பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று கை போனது. பிடுங்கினால், அவன் மூச்சு நிற்கும்போது அலறுவதற்கு எதுவும் இருக்காது. கையை இழுத்துக்கொண்டாள்.

வெயிலுமுத்து நனைந்து வந்தான். விளக்கைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏளா, எனக்கு முந்தி எவனோ டூட்டிக்கு வந்துட்டான் போலிருக்கே."

"இன்னைக்கு ஒரு நாள் கீழ படுங்க. சாக்கு விரிச்சுத் தாரேன்."

"தண்ணியில மெதக்கவா? மூணு படிச்சவங்க சேந்து செஞ்சத நீ ரிப்பேரு பாக்கப் போறியாக்கும். அது கத்துனா எழுப்பு, போதும்."

படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனான். தூக்கத்திலேயே சுவர்ப்பக்கம் நகர்ந்தான். யாரோ வந்து உட்கார்ந்ததுபோல.

அவள் தையல் கம்பெனிச் சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு பிசிர் நூல்களை வெட்ட ஆரம்பித்தாள். கண் விளக்கிலேயே இருந்தது. கரண்ட் வந்தது, மிஷின்கள் மறுபடி ஓடின. முதலில் விளக்கு குழம்பியது. ஒரு மூச்சின்மேல் இன்னொன்று ஏறியது, முட்டியது, பின்வாங்கியது. வெட்டினாள். பிறகு மெல்ல மெல்ல ஒன்று அடங்கியது. மற்றது நிதானமாக ஓடியது. தடுக்கல் இல்லை. அடைப்பு இல்லை. இவ்வளவு சீராக அவன் மூச்சுவிட்டு அவள் பார்த்ததே இல்லை.

கத்தரி நின்றது.

அவன் நெஞ்சைப் பார்த்தாள். மூக்கருகில் விரல் வைத்தாள். காற்று இல்லை. விளக்கு ஏறியது. உலுக்கினாள். தலை ஆடியது. விளக்கு இறங்கியது. டப்பா அலறவில்லை.

போன் அடித்தது. சாருலதா.

"இப்பதான் பார்த்தேன், ஏக்தம் க்ளீன் ரீடிங், ஒரு குறையும் இல்லை. டாக்டரும் புரொபசரும் இங்கேதான் இருக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். இப்படி ஒரு தூக்கம் அவர் தூங்கினதே இல்லை."

"மேடம், அவருக்கு மூச்சு இல்ல."

"இல்லையே. எங்க கண் முன்னாடி ஓடறதே."

போனைக் கீழே போட்டாள். அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். கனத்தான். தரைக்கு வந்தான். ஈரத்தில் மண்டியிட்டு நெஞ்சை அழுத்தினாள். ஆட்களைக் கூப்பிட்டுக் கத்தினாள். மிஷின் சத்தம் அதை விழுங்கியது. அழுத்தினாள். குளிர்ந்திருந்தான். எப்போதிருந்தோ.

தரையில் கிடந்த போனில் சாருலதாவின் குரல் தணிந்து வந்தது. "அவரை எழுப்பிடாதேங்கோ. நன்னா தூங்கறார்."

கோகிலவாணி நிமிர்ந்தாள்.

பச்சை வெளிச்சம் ஏறியது. இறங்கியது. மெத்தையின் நடுவில் ஆள் நீளத்துக்குக் குழி. தலையணையிலும் குழி. அவனை இழுத்துப்போட்ட பிறகும் அது மேலெழவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி அசைந்தது. மெதுவாக. சுவர்ப்பக்கம் நகர்ந்தது.

கட்டிலில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டிருந்தது.