மழைத்தண்ணீர்ப் பெரணி

ரூத் சதுரங்கப்பட்டினத்துப் பழைய வீட்டைத் திறந்தபோது மதியம் சாய்ந்திருந்தது. வாடகை வீடு, ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. சாவியைத் திருப்பிக் கொடுக்குமுன் தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தாள். வண்டி பிடித்து வருவதாகக் கணவன் ஜோஷ்வா சொல்லியிருந்தான்.

இங்கேதான் அவளும் தோழி பூங்கொடியும் அபூர்வமான பெரணிச் செடிகளை விற்பதற்காக வளர்த்தார்கள். வெயில் படாத பின்கட்டு அறை. கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, பெரணி கருகிவிடும். கொல்லையில் தரைக்கடியில் கட்டிய தொட்டியின் மழைத்தண்ணீரைத்தான் தெளிப்பார்கள்.

போன வருஷம் பூங்கொடி தாய்ச்செடிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டதாக ஜோஷ்வா சொன்னான். விரிசல் விட்டதென்று அந்த வாரமே தொட்டியைச் சிமெண்ட் போட்டு அடைத்தான். பாவி, கூடப்பிறந்தவளாய் நினைத்தேனே என்று ரூத் அவளைத் திட்டாத நாளில்லை.

பின்கட்டைத் திறந்தாள்.

பச்சைப் பாசி வாடை முகத்தில் அடித்தது. காய்ந்து கிடக்கவேண்டிய சட்டிகளில் பெரணி தழைத்திருந்தது. சுவரெல்லாம் பெரணி. இருட்டில் எங்கோ சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது.

இலையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தாள்.

உப்பில்லை.

தரையில் ஈரக் காலடிகள். சிறிய, பெண்ணின் காலடிகள். கொல்லைக்கதவுப் பூட்டைத் திறந்து அவற்றின் வழியே போனாள். தொட்டியை மூடிய சிமெண்ட் பலகையின் நடுவில்தான் அவை தொடங்கின. பலகையில் ஒரு கீறல்கூட இல்லை.

ரூத் குனிந்து பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"இங்க இன்னா பண்ணிகினு கீற?" பின்னால் ஜோஷ்வா.

"பூங்கொடி ஓடிப்பூட்டான்னு சொன்னியே."

அவன் காலடிகளைப் பார்த்தான். முகம் வெளுத்தது. முணுமுணுத்தான்.

"செடிய நான் எடுத்து வித்தத பாத்துட்டா. உன்கிட்ட சொல்றன்னு நின்னா. தள்ளிதான் வுட்டேன், ரூத்து."

ஒரு வருஷம். செத்தவளைத் திட்டிக்கொண்டு, கொன்றவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

வா போகலாம் என்று அவன் திரும்பி நடந்தான். வெள்ளைச் சட்டையின் முதுகில் ஈரக் கை ஒன்று பதிந்திருந்தது, ஐந்து விரலும் விரிந்து. பெரணி இலையின் அடியில் இருக்கும் பழுப்புத்தூள் அதில் ஒட்டியிருந்தது.

ரூத் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தருகே இன்னொரு கை பதிந்தது.

அவள் அவனிடம் சொல்லவில்லை.