முப்பத்தொன்றைச் சுற்றிய வட்டம்

தேநீர்க் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோகும்போது கதவைத் தட்டுகிறவன் நல்ல சேதி கொண்டுவரமாட்டான் என்பது ஜின்கிச்சியின் தீர்மானம். முப்பது வருஷம் போலீஸ்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். துறைமுகத்தில் பாதிப் பேரை அவர் நம்புவதில்லை. மீதிப் பேரை அவருக்குத் தெரியாது.

வந்தவர் மீன் பிட்டு வியாபாரி இசோகாய் கட்சுசோ. பின்னாலேயே புகையிலைக் கடை தோமே, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவந்தாள். ஊரில் எங்கே புகைந்தாலும் அவளுக்கு முதலில் மூக்கு அரிக்கும்.

"ஜின்கிச்சி, என் வீட்டுல திருடன் பூந்துட்டான்!"

"என்ன போச்சு?"

"என் பேரன் பேரு!"

ஜின்கிச்சி கிண்ணத்தைக் கீழே வைத்தார். இனி அது ஆறித்தான் போகும்.

விஷயம் இதுதான். பேரன் பிறந்த ஏழாம் நாள் கட்சுசோ தன் கையாலேயே தூரிகை பிடித்துப் பெயர்த்தாளில் 'கட்சுயா' என்று எழுதி, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். அந்த வீட்டு ஆண்கள் எல்லோர் பெயரிலும் 'வெற்றி' என்று பொருள்படும் 'கட்சு' எழுத்து முன்னால் நிற்கும். இன்று காலை பார்த்தால் தாள் மாறியிருக்கிறது. வாசித்தால் அதே கட்சுயாதான். எழுத்துதான் வேறு; ஜப்பானிய எழுத்தில் ஒரே ஒலியைப் பல விதமாக எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு. 'வெற்றி' போய், 'தன்னை அடக்கி மீளுதல்' என்று பொருள்படும் எழுத்து வந்திருக்கிறது. இன்று பதினாலாம் நாள். ஐந்து மணிக்குள் ஊராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்துவிட்டால் அப்புறம் மாற்ற கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும்.

"அப்ப பழைய எழுத்தையே எழுதிக் குடுத்துட்டுப் போயேன். என் உயிரை ஏன் வாங்குற?"

"எவன் செஞ்சான்னு தெரியணும். என் ரெண்டாவது பய கட்சுஜிதான். பாரு!"

கட்சுசோ ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். புதுத் தாளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்ததாம். பென்சிலில் 7, 9 என்று எழுதி, கீழே 31 போட்டு வட்டமிட்டிருந்தது.

"எழுத்துக்கு எத்தனை கோடுன்னு கூட்டி ராசி பாத்திருக்கான் மடையன். எங்க குடும்பப் பேருக்கு இருபத்திநாலு கோடு. நான் வச்ச பேரோட சேத்தா முப்பத்தொன்பது, நல்ல எண்ணு. இவன் வச்சதுக்கு ஏழும் ஒம்பதும் பதினாறு. ஆக நாப்பது, ஆகாத எண்ணு. அதை முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கான். இந்த வட்டாரத்துலயே கணக்குல முட்டை வாங்கினவன் அவன் ஒருத்தன்தான்!"

"அண்ணே, அவனேதான்!" என்றாள் தோமே. "போன மாசம் என் கடையில காசைத் தப்பா எண்ணிக் குடுத்தான்!"

"கொறைச்சா, கூட்டியா?"

"எனக்குக் கூடுதலாக் குடுத்தான்."

"திருப்பிக் குடுத்தியா?"

தோமே வேறு பக்கம் பார்த்தாள்.

வேறு வழியில்லாமல் ஜின்கிச்சி கிளம்பினார். இசோகாய் வீட்டு முற்றத்தில் நல்ல வெயில். துணி காயும் மூங்கில் கழி வெறுமனே கிடந்தது. வாசலில் ஒரு மரப்பெட்டி. அனுப்பியவர் 'உமேமோட்டோ' என்று மேலே எழுதியிருந்தது.

"இது யாரு?"

"மருமக ஃபுமியே பொறந்த வீட்டுக் குடும்பப் பேரு," என்றார் கட்சுசோ. "அவங்க குழந்தைக்குன்னு அனுப்பினது."

"தோமே, குழந்தைக்கு அடியில சுத்துற அணைதுணி தைச்சுக் குடுத்தியே, எத்தனை?"

"இருபது அண்ணே. என் கண்ணே போச்சு."

ஜின்கிச்சி பள்ளிக்கூடம் போனது நாலு வருஷம். பாதி எழுத்துக்குப் பொருள் தெரியாது. ஆனால் தெரியாத எழுத்தை அகராதியில் தேட அதன் கோடுகளை எண்ண வேண்டும். முப்பது வருஷம் புகார் எழுதியதில் அது ஒன்று மட்டும் கைவந்திருந்தது. பெட்டி முன் குந்தி, விரலால் மெதுவாக எண்ணினார்.

உள்ளே எல்லோரும் கூடினார்கள். கட்சுஜி நெற்றியில் ஒரு வீக்கம். காலையில் அப்பா எறிந்த மரக்கரண்டியின் உபயம். மூத்தவன், குழந்தையின் அப்பா கட்சுஹிரோ, இன்னும் நிரப்பாத பதிவுத் தாளை மடியில் விரித்து வைத்திருந்தான். ஃபுமியே குழந்தையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"கணக்கு தப்பில்ல," என்றார் ஜின்கிச்சி. "முப்பத்தொண்ணுல பதினாறு போனா என்ன?"

"பதினஞ்சு," என்றான் கட்சுஜி சட்டென்று.

"கேட்டியா கட்சுசோ? முட்டை வாங்கினவன் சொல்றான். ராசி பாக்குறவன் எவனும் குடும்பப் பேரைச் சேக்காம எண்ணமாட்டான். இதை எழுதின ஆளும் சேத்துத்தான் எண்ணியிருக்கு. பதினஞ்சு கோடுள்ள பேரை. இசோகாய்க்கு இருபத்திநாலு. வாசப் பெட்டியில இருக்கிற உமேமோட்டோவுக்குப் பத்தும் அஞ்சும் பதினஞ்சு."

ஜின்கிச்சி முற்றத்துக் கழியைக் கைகாட்டினார்.

"ரெண்டு வாரக் குழந்தை இருக்கிற வீட்டுல, இந்த வெயில்ல, கழியில ஒரு அணைதுணி இல்ல. இருபதும் எங்க போச்சு? மூட்டைக்குள்ள. பேரை மாத்தினவங்க குழந்தையை உமேமோட்டோவா வளக்கப் போறாங்க. கூப்பிட்டா அதே கட்சுயாதான், அதனால காதால கண்டுபிடிக்க முடியாது. மூத்தவன் தாளைப் பாத்து அப்படியே பதிஞ்சிருப்பான்."

"இவளா? மூணு வருஷத்துல ஒரு நாள் மறுத்துப் பேசினதில்லையே!" என்றார் கட்சுசோ.

"அதைத்தான்யா நீ முதல்ல சந்தேகப்பட்டிருக்கணும்!" என்றார் ஜின்கிச்சி.

ஃபுமியே தலை நிமிர்ந்தாள். "நான்தான் மாமா. தாத்தா, அப்பா, சித்தப்பா எல்லாரும் வெற்றி. யாரை ஜெயிக்கிறீங்க? ஒருத்தரை ஒருத்தர்தானே? இந்த வீட்டுல கரண்டி பறக்காத நாள் உண்டா? என் பிள்ளை தன் கோபத்தை ஜெயிச்சாப் போதும். சாயங்கால ரயிலுக்குப் போறேன்."

கட்சுஹிரோ அப்போதுதான் வாய் திறந்தான். "நானும் போறேன்ப்பா."

கட்சுசோ மகனைப் பார்த்தார், பிறகு கட்சுஜியின் நெற்றியைப் பார்த்தார். "நாப்பது ஆகாத எண்ணுடா..." குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"இன்னும் எண்ணிட்டே இருக்கியா?" ஜின்கிச்சிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "முப்பத்தொன்பது வேணும்னா காலி வீட்டுல ஒக்காந்து அழகு பாரு. நாப்பதுன்னா பேரன் இங்க இருப்பான். மணி நாலே முக்கால்."

கட்சுசோ முனகிக்கொண்டே எழுந்தார். மகன் மடியிலிருந்த தாளைப் பிடுங்கினார். புதுப் பெயரைப் பார்த்துப் பார்த்து எழுதினார். அவசரத்தில் ஒரு கோடு வளைந்துவிட்டது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

மறுநாள் காலை ஜின்கிச்சியும் தோமேயும் அந்தப் பக்கமாகப் போனபோது மூங்கில் கழியில் துணி ஆடிக்கொண்டிருந்தது. ஈரத்துணி முகத்தில் அடிப்பதாகக் கட்சுசோ முற்றத்தில் நின்று கத்தினார். கத்தியவர் ஏனோ பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தோமே ஒவ்வொன்றாக எண்ணினாள். "பதினொண்ணுதான் அண்ணே இருக்கு."

"மிச்சம் ஒம்பது இன்னும் மூட்டையிலதான் இருக்கு."

"அதை எப்ப அவுப்பா?"

"அந்தக் கிழவனைக் கேளு," என்று சொல்லிவிட்டு, தேநீர் ஆறுவதற்குள் வீடு போய்ச் சேர ஜின்கிச்சி விறுவிறுவென்று நடந்தார்.