வாழவந்தியில் இல்லாத கிடங்கு

போன் அலறியது.

ஃபெபி காபி டம்ளரை வைத்துவிட்டு எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் செங்கோடன் பேசறேனுங்க. எஸ்டேட் முதலாளி பிரபாகர் இறந்துட்டாரு. ரெண்டாம் கிடங்குல."

"ஐயோ... எப்படிங்க?"

"நீங்க எழுதுன ஒரு வரியாலன்னு சொல்றாங்க. உடனே வாங்க."

அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

எழுதுவதுதான் ஃபெபியின் பிழைப்பு. கதை அல்ல... வழிகாட்டி! அந்தக் காபி எஸ்டேட்டில் டேட்டாபேஸில் தகவல் ஏற்றுவது ஒரு ஏ.ஐ. ஏஜென்ட். நிறையப் பதிவுகளை ஒரே பேட்ச்சாக ஏற்றும் கருவி அதற்கு உண்டு. அந்தக் கருவியை எப்படிக் கையாள்வது என்று ஏஜென்டுக்கு எழுதிக் கொடுத்தவள் அவள்.

ஒண்டிக்கடை சந்திப்பைத் தாண்டி, மலைப்பாதையின் பனிமூட்டத்துக்குள் ஸ்கூட்டரை விரட்டினாள்.

எஸ்டேட் ஆபீஸில் செங்கோடன் காத்திருந்தார். பக்கத்தில் மானேஜர் தனபால். நெற்றியில் சேர்வராயன் கோயில் குங்குமம்.

"கிடங்குல பூச்சிக்கு விஷவாயு மாத்திரை வெச்சு மூடியிருந்தாங்க," என்றார் செங்கோடன். "டேட்டாபேஸ்ல பதிவு ஏறுனதும் கதவுல சிவப்பு விளக்கு எரியணும். பச்சை எரிஞ்சிருக்கு. எச்சரிக்கை போர்டையும் யாரோ கழட்டிட்டாங்க. மனுசன் நம்பி உள்ள போயிட்டாரு."

"சிவப்புக்குப் பதிவு போகலீங்களா?"

"போச்சு. ஆனா அதே பேட்ச்ல, எஸ்டேட்லயே இல்லாத கிடங்கு ஒண்ணையும் யாரோ சேர்த்துட்டாங்க. இந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்ல. நேத்து நீங்களும் இங்க வந்தீங்களாமே?"

ஃபெபி கண்களை மூடிக்கொண்டாள். அந்த வரி நினைவுக்கு வந்தது.

'பேட்ச்சில் ஒரு பதிவு தவறானாலும் முழு பேட்ச்சும் நிராகரிக்கப்படும்.'

"சிவப்புப் பதிவும் சேர்ந்து நிராகரிப்பாயிருக்கும்," என்றாள் மெதுவாக. "பழைய பச்சையே நின்னிருக்கும்."

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எழுதின எனக்கு. படிக்கிற ஏஜென்டுக்கு."

"ஏஜென்டுக்கு விலங்கு போட முடியாதுங்களே."

தனபால் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க இன்ஸ்பெக்டர், நொம்ப நல்ல புள்ளைங்க அது. தெரியாமப் பண்ணியிருக்கும். எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரமே புரியாதுங்க. அதனாலதான் அடுத்த மாசத்திலருந்து மானேஜர் வேலையையும் ஏஜென்டே பாத்துக்கும்னு முதலாளி சொன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

ஃபெபிக்கு ஜெயில் பயம் ஒரு பக்கம்... தன் எழுத்து ஒரு உயிரைக் குடித்துவிட்டதே என்ற வேதனை மறுபக்கம்.

"அந்தப் பொய்ப் பதிவைக் காட்டுங்க சார்."

செங்கோடன் திரையைத் திருப்பினார்.

'வாழவந்தி கிடங்கு.'

ஃபெபி நிமிர்ந்து உட்கார்ந்தாள்! தன் போனில் வழிகாட்டியைத் திறந்து நீட்டினாள்.

"தப்புப் பதிவுக்கு உதாரணம்னு இருக்கே, படிங்க சார்."

"சேர்வராயன் கிடங்கு... அப்படி ஒண்ணே இல்லீங்களே?"

"இல்லாததாலதான் போட்டேன். ஏஜென்ட் படிக்கிறது இதைத்தான்."

"அப்ப வாழவந்தி எங்கருந்து வந்துச்சு?"

"இப்பதான் ஞாபகம் வருது. ஒருத்தர் தனக்குத் தமிழ்ல ஒரு பிரதி வேணும்னு கேட்டாருங்க. குடுத்தேன். சாமி பேரைத் தப்புக்கு உதாரணமாப் போடுவியான்னு கோவிச்சுக்கிட்டாரு. அவரு பிரதியில மட்டும் வாழவந்தின்னு ஊர்ப் பேரா மாத்திக் குடுத்தேன்."

"யாருங்க அது?"

ஃபெபி தனபாலைப் பார்த்தாள்.

தனபாலின் முகம் வெளுத்தது.

"நான்... அதைப் படிக்கவே இல்லீங்க."

"படிக்காமத்தான் கோவிச்சுக்கிட்டீங்களா?" செங்கோடன் எழுந்தார். "வேற பேரு போட்டா வேலை செய்யாதுன்னு பயந்து, உதாரணத்தை அப்படியே தட்டியிருக்கீங்க."

தனபால் நாற்காலியில் சரிந்தார்.

"இந்த எஸ்டேட்டை நான்தானுங்க வளத்தேன்... என் நாற்காலியைப் போய் ஒரு மிசினுக்குக் குடுக்கறேன்னாரு..."

குரல் உடைந்தது. ஃபெபிக்கு ஒரு நிமிடம் பரிதாபமாகக்கூட இருந்தது. பிறகு பிரபாகரின் நினைவு வந்தது.

செங்கோடன் விலங்கை மாட்டினார்.

"சாமி பேரைக் காப்பாத்திட்டீங்க, தனபால். உங்களைக் காப்பாத்த நல்ல வக்கீலாப் பாத்துக்கங்க."